மூன்றாம் பாகத்து மின்விசிறி

அன்புள்ள ஐயா,

உங்கள் பழைய கட்டுரை ஒன்றில், 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' வரிசையின் மூன்றாம் பாகம் முதல் பாகத்தைவிட மேலானது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த வரி என்னை விடவில்லை. குறைந்த செலவில் எடுத்த பேய்ப் படம் ஒன்று ஓடிவிட்டால், அதன் பெயரை வைத்து இரண்டு, மூன்று, நான்கு என்று எடுத்துத் தள்ளுகிறார்கள். அதே வீடு, அதே இருட்டு, அதே கதவுச் சத்தம். என் தம்பி இவற்றை விடிய விடியப் பார்க்கிறான். அவனைப் புரிந்துகொள்ளலாமே என்று நானும் கூட உட்கார்ந்து நான்கைந்து படங்கள் பார்த்தேன். சில இடங்களில் பயந்தேன், பல இடங்களில் சலித்துப்போனேன். "எதற்கடா இதைப் பார்க்கிறாய்?" என்று கேட்டால், "அடுத்ததில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் அக்கா" என்கிறான். அதற்கு மேல் அவனிடம் பதில் இல்லை. நல்ல சினிமாவைப் பற்றி எழுதும் நீங்கள் இவற்றில் எதைக் காண்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறான். அதை அவனுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் காசு விஷயத்தை முடித்துவிடுவோம். 2007-இல் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யை ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே, ஏறத்தாழ ஒரு வாரத்தில், சுமார் 15,000 டாலர் செலவில் எடுத்தார். அது உலகெங்கும் 19 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அப்படிப்பட்ட படத்துக்கு இரண்டாம் பாகம் வராமல் இருந்திருந்தால்தான் அதிசயம். தொடர்ச்சிப் படங்கள் லாபத்துக்காகப் பிறக்கின்றன என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் ஒரு படம் ஏன் எடுக்கப்பட்டது என்பதும், ஒருவன் விடிய விடிய ஏன் அதைப் பார்க்கிறான் என்பதும் வேறு வேறு கேள்விகள். நீங்கள் கேட்டது இரண்டாவதை.

பேய் என்றால் என்ன? போயும் போகாதது. செத்த பிறகும் இடத்தை விடாதது. காதல் கதைக்கோ துப்பறியும் கதைக்கோ இரண்டாம் பாகம் எழுத வேண்டுமென்றால் ஏதாவது ஒரு சாக்கு தேட வேண்டும். முடிந்த காதலைப் பிரிக்க வேண்டும், பிடிபட்ட கொலைகாரனைச் சிறையிலிருந்து தப்பவைக்க வேண்டும். பேய்க் கதைக்கு அந்தச் சிரமம் இல்லை. திரும்பி வருவதுதான் அதன் இயல்பு. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளம் கதை சொல்கிறது. அவன் வாய் திறந்ததும் மீண்டும் முருங்கை மரம் ஏறுகிறது. 25 கதைகளுக்கும் மரம் ஒன்று, சுடுகாடு ஒன்று, தோள் ஒன்று. 'இதுதான் ஏற்கெனவே வந்துவிட்டதே' என்று அதைக் கேட்டவர்கள் சலித்துக்கொள்ளவில்லை. மரத்தடிக்குத் திரும்பிப் போகும் அந்த நடையில்தான் அடுத்த கதைக்கான ஆவல் ஊறுகிறது.

இப்போது அந்த மூன்றாம் பாகத்துக்கு வருகிறேன். அதைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்தியது என் தவறு.

முதல் படத்தில் படுக்கையறையில் ஒரு கேமரா அசையாமல் நிற்கிறது. தூங்கும் இருவர், பக்கத்தில் திறந்த கதவு, கதவுக்கு அப்பால் இருட்டு. நெடுநேரம் ஒன்றும் நடப்பதில்லை. அந்த ஒன்றும் நடக்காத நேரத்தில் நாம் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறோம். நடுவில் இருப்பவர்களை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்க்கிறோம். கதவின் விளிம்பு, போர்வையின் நுனி, தரையில் விழும் நிழல். வேறெந்த வகைப் படமும் பார்வையாளனின் கண்ணை இவ்வளவு கடுமையாகப் பழக்குவதில்லை. 2010-இல் வந்த இரண்டாம் பாகத்தில் வீடெங்கும் கண்காணிப்புக் கேமராக்கள். அடுப்படி, கூடம், நீச்சல்குளம், குழந்தையின் அறை என்று காட்சி மாறிக்கொண்டே இருக்கிறது. கேமராக்கள் அதே அசையாமையில்தான் நிற்கின்றன. நம் கண் இன்னும் கூர்மையாகிறது.

2011-இல் மூன்றாம் பாகம். கதை 1988-க்குப் பின்னோக்கிப் போகிறது. முதலிரு படங்களில் நாம் பார்த்த அக்காள் தங்கை இருவரும் இங்கே சிறுமிகள். வீட்டில் இருக்கும் ஆண் கல்யாண வீடியோ எடுப்பவன். அடுப்படி, கூடம் இரண்டையும் ஒரே கேமராவால் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறான். ஒரு மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றிவிட்டு, இடமும் வலமும் திரும்பும் அதன் அடிப்பகுதியில் கேமராவைப் பொருத்துகிறான். அவ்வளவுதான். இரண்டு படங்களாக அசையாத சட்டகத்தை வெறித்துப் பார்க்கப் பழகிய கண், இப்போது தான் பார்க்க விரும்பும் இடத்திலிருந்து விலக்கப்படுகிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் அடுப்படி மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். கேமரா நிதானமாகக் கூடத்துக்குத் திரும்புகிறது. அங்கே வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உருவம். கேமரா மீண்டும் திரும்புகிறது. அதற்கு அவசரமும் கிடையாது, இரக்கமும் கிடையாது; விசிறி என்ன வேகத்தில் திரும்புமோ அந்த வேகம்தான். இந்த முறை அந்த உருவம் அவளுக்குப் பின்னால் நிற்கிறது. அவள் தலையைத் திருப்பும் கணத்தில் துணி வெறுமையாகத் தரையில் விழுகிறது.

இதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? ஒரு விசிறி, ஒரு படுக்கை விரிப்பு. இதே காட்சி முதல் பாகத்தில் வந்திருந்தால் பாதிகூடப் பயந்திருக்க மாட்டோம். அந்தப் பயம் நமக்குள் மூன்று படங்களாகச் சேர்த்துவைக்கப்பட்டது. அதனால்தான் மேலானது என்றேன்.

அந்தச் சிறுமிகள் வளர்ந்து என்ன ஆவார்கள் என்று நமக்கு முன்பே தெரியும். அடுத்து என்ன என்ற பதற்றம் போய், இது எங்கிருந்து தொடங்கியது என்ற துக்கம் வந்துவிடுகிறது. விளையாட்டாகக் கண்ணுக்குத் தெரியாத தோழனோடு பேசும் குழந்தையைப் பார்க்கையில் எனக்கு நெஞ்சு கனத்தது.

'இன்சிடியஸ்' வரிசையும் இதே மண்ணில் விளைந்ததுதான். முதல் படம் 2010-இல் சுமார் 15 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது. அதில் நள்ளிரவில் முன்கதவை யாரோ தட்டுகிறார்கள். பிறகு அது தானே திறந்துகொள்ள, அலாரம் அலறுகிறது. இரண்டாம் பாகத்தில் அதே இரவுக்கு மறுபக்கத்திலிருந்து போகிறோம். தட்டியது அந்த வீட்டுக்காரனேதான். மறு உலகில் சிக்கிக்கொண்டவன் தன் வீட்டாரை எட்ட முயன்றிருக்கிறான். நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். நாம் எதைக் கண்டு நடுங்கினோமோ அது உதவிக்காகத் தட்டிய கை. பழைய காட்சியின் பொருளை இப்படிப் புரட்டிப்போட முதல் படத்தால் முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: முதல் படத்தின் முடிவில் இறந்துபோகும் ஆவியுலக அறிஞராக நடித்த லின் ஷே, மூன்றாம், நான்காம் பாகங்களின் நாயகியே ஆகிவிட்டார். 1943-இல் பிறந்தவர், 2018-இல் நான்காம் பாகம் வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். அந்த வயதுப் பெண்ணை மையத்தில் நிறுத்தி வேறெந்த வணிக சினிமா வரிசை ஓடியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். செத்தவர் திரும்பலாம் என்ற சலுகை இந்த வகைக்கு மட்டும்தான் இருக்கிறது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது 'ஃபான்டாசம்'. டான் காஸ்கரெல்லி மிகச் சிறிய முதலீட்டில் எடுத்து, 1979-இல் வெளிவந்த படம். 2016 வரை அதற்கு நான்கு தொடர்ச்சிகள் வந்தன. கதையை யாராவது கோவையாகச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. ஆனால் அந்த முகங்கள்! முதல் படத்தில் சிறுவனாக வந்தவர் பிற்பாகங்களில் வளர்ந்த மனிதராக வருகிறார். இரண்டாம் பாகத்துக்கு ஒரு பெரிய நிறுவனம் பணம் போட்டது; அந்த ஒரு பாகத்தில்தான் அவர் வேடத்தில் வேறொரு நடிகர். கையில் காசு குறைந்த பிறகு பழைய ஆள் திரும்பி வந்தார். 1998-இல் வந்த நான்காம் பாகத்தில், முதல் படத்துக்காக எடுத்துப் பயன்படுத்தாமல் வைத்திருந்த காட்சிகளைக் கோத்திருக்கிறார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு பழைய அந்தப் படச்சுருளில் அவர் உண்மையாகவே சிறுவன். ஒப்பனை இல்லை, கணினி வித்தை இல்லை. காலமே உள்ளே வந்து நடித்துவிட்டுப் போயிருக்கிறது. 'உயர மனிதன்' என்ற வில்லனாக எல்லாப் பாகங்களிலும் வந்த ஆங்கஸ் ஸ்கிரிம் 2016 ஜனவரியில் இறந்தார். கடைசிப் பாகம் அதே ஆண்டு பின்னர் வெளிவந்தது. மரணத்தைப் பற்றிய ஒரு படவரிசை, தன்னில் நடித்தவர்கள் முதுமையடைந்து மறைவதைத் தன் உடம்பிலேயே பதிந்துவைத்திருக்கிறது.

குப்பைகளும் உண்டு. 2011-இல் வந்த 'ஹெல்ரைசர்' ஒன்பதாம் பாகம், கதை உரிமை கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று சில வாரங்களில் அவசரமாக எடுக்கப்பட்டது; அதுவரை எட்டுப் படங்களிலும் முள்தலை மனிதனாக நடித்தவர் அதில் நடிக்க மறுத்துவிட்டார். 'பிளேர் விட்ச்' இரண்டாம் பாகத்துக்குப் பல மடங்கு பணம் கிடைத்தது. முதல் படத்தின் உயிராக இருந்த கைக் கேமராவையும் வெறுங்காட்டையும் விட்டுவிட்டு வழக்கமான படமாக எடுத்தார்கள், எடுபடவில்லை. காசு இருந்தால் புதிய இடத்துக்குப் போய்விடலாம். இல்லாதவன் அதே அறைக்குத் திரும்பி வந்து, போன முறை பார்க்காமல் விட்டது எது என்று தேட வேண்டியிருக்கிறது. நான் விரும்பும் பாகங்கள் எல்லாமே அந்தத் தேடலில் கிடைத்தவை.

நீங்கள் பார்த்த நான்கைந்தும் ஒரே வரிசையைச் சேர்ந்தவையா என்று சொல்லவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பார்த்திருந்தால் சலிப்புதான் வரும், கண் பழகியிருக்காது. தம்பியோடு உட்கார்ந்து 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யின் முதல் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள், விளக்கை அணைத்துவிட்டு. மூன்றாவதில் அந்தப் பெண் மேஜையில் உட்கார்ந்ததும், விசிறி கூடத்துப் பக்கம் திரும்பத் தொடங்கும்போது, திரையை விட்டு ஒரு கணம் தம்பியின் முகத்தைப் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்