வெயிலில் பால் குறைந்த கறவை மாட்டுக்குத் தீவனத்தில் என்ன சேர்க்கலாம்?

வெயில் ஏறியதும் மாடு தீனியைக் குறைத்துவிட்டது, பாலும் இறங்கிவிட்டது, அயர்ச்சி தீர எதைச் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மாடு வளர்ப்பவன் என்ற முறையில் நான் முதலில் கைவைப்பது சோடா உப்பில், அதாவது சோடியம் பைகார்பனேட்டில். அடுத்தது பொட்டாசியம். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

காரணம் மாட்டின் மூச்சில் இருக்கிறது. உச்சிவெயில் நேரத்தில் அதன் விலாவைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். மூச்சு 60-ஐத் தாண்டினால் மாடு வெக்கை தாங்காமல் தவிக்கிறது. முற்றிவிட்டால் வாய் திறந்து, நாக்குத் தொங்கி, எச்சில் நூல் நூலாகத் தரையில் வடியும். அப்படி இரைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ரத்தத்தைச் சமன்படுத்த சிறுநீரகம் புளிப்பை அடக்கும் பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. வயிற்றின் புளிப்பை அடக்க வேண்டிய எச்சிலும் தரையில் போகிறது, அசை போடுவதும் குறைகிறது. பால் குறைகிறதே என்று அந்த நேரத்தில் தானியம், புண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தைக் கூட்டினால் வயிறு இன்னும் புளிக்கும். சாணம் இளகும், பாலில் கொழுப்பு இறங்கும்.

இந்த இழப்பைத்தான் சோடா உப்பு ஈடுகட்டுகிறது. மாடு தின்னும் உலர்பொருளில், அதாவது தீவனத்தில் ஈரம் நீங்கலான எடையில், 0.75 முதல் 1 சதவீதம் போதும். 12 கிலோ உலர்பொருள் தின்னும் மாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம். ஒரே வேளையில் கொட்டாமல் தீவனத்தோடு பிசறிப் பிரித்துக் கொடுங்கள்.

மனிதருக்கு வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். மாட்டுக்கு அது பொட்டாசியம், பாலிலும் நிறையப் போகிறது. வெயில் காலத்தில் உலர்பொருளில் 1.5 சதவீத அளவுக்குப் பொட்டாசியம் இருப்பது நல்லது. பசுந்தீவனம் தாராளமாகக் கிடைக்கும் மாட்டுக்கு அதிலேயே பெரும்பகுதி வந்துவிடும். தனியாகச் சேர்ப்பதென்றால் கார்பனேட் வடிவம் நல்லது. குளோரைடு வடிவத்தில் கொடுத்தால், கூடவே போகும் குளோரைடு பலனைக் கெடுத்துவிடும்.

உயிருள்ள ஈஸ்ட் வயிற்றின் புளிப்பைத் தணிக்க உதவும், வாங்க முடிந்தால் நல்லதுதான். நியாசின் என்ற பி வைட்டமினை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஆய்வுகளில் பலன் ஒருபோல வரவில்லை. செலினியம் என்ற தாதுவும் அவசியம்தான், ஆனால் மிஞ்சினால் நஞ்சு. நல்ல தாது உப்புக் கலவையில் இருக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் நிழலும் தண்ணீரும் இல்லாத கொட்டகையில் இந்த எதுவும் எடுபடாது. ஒரு லிட்டர் பாலுக்கு 3 முதல் 5 லிட்டர் தண்ணீர் குடிக்கிற பிராணி அது, வெயிலில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். தீவனத்தில் பெரும்பங்கை வெயில் தாழ்ந்த பிறகு வையுங்கள்.

அப்புறம், கறக்கும்போது அதட்டல், அடி எதுவும் வேண்டாம். பயந்த மாட்டின் உடலில் சுரக்கும் அட்ரினலின், பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்சிடோசினின் வேலையைத் தடுத்துவிடும், மடியில் பால் இருந்தும் இறங்காது. இதற்குத் தீவனத்தில் மருந்து கிடையாது.

கடைசியாக ஒன்று. கன்று ஈன மூன்று வாரமே இருக்கும் சினைமாட்டுக்கு இந்தச் சோடா உப்பையும் பொட்டாசியத்தையும் கொடுத்துவிடாதீர்கள். ஈன்றதும் ரத்தத்தில் கால்சியம் இறங்கி வரும் பால் காய்ச்சலுக்கு அதுவே வழி செய்துவிடும்.