ஃபினைல் அலனின் சேர்த்தும் ஈஸ்ட் வளர்ப்பில் ரோஜா மணம் எழாதது ஏன்?

ஈஸ்டின் நொதிகளில் குறையில்லை. நீங்கள் பயன்படுத்திய வளர்ப்பு ஊடகத்தில் எளிதில் நைட்ரஜன் தரும் அம்மோனியம் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் இருப்பதால், ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்க வேண்டிய தேவை அதற்கு எழவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஈஸ்ட் அமினோ அமிலங்களைச் சிதைக்கும் வழியை 1907-இல் ஃபெலிக்ஸ் எர்லிக் முன்வைத்தார். அவ்வழியில், ஆரோ8, ஆரோ9 நொதிகள் அமினோ தொகுதியை வேறொரு கீட்டோ அமிலத்துக்கு மாற்றிவிட, எஞ்சும் ஃபினைல் பைருவேட்டிலிருந்து ஆரோ10 கார்பன் டை ஆக்சைடை நீக்கி ஆல்டிஹைடாக்குகிறது. அந்த ஆல்டிஹைடு ஹைட்ரஜன் ஏற்று ஒடுக்கமடைந்த பிறகே மணமுள்ள ஃபினைல் எத்தனால் கிடைக்கிறது. அம்மோனியம் தாராளமாக இருந்தால் ஆரோ9, ஆரோ10 மரபணுக்கள் அடக்கப்படுகின்றன. ஈஸ்டுக்கு வேண்டியது நைட்ரஜன்தான். நாம் தேடும் மணம் அதற்குக் கழிவு.

அம்மோனியம் சல்பேட் இல்லாத ஊடகத்தில், குளுக்கோஸ் அளவை மாற்றாமல், ஃபினைல் அலனினை மட்டுமே நைட்ரஜன் மூலமாகக் கொடுத்து, பழைய குடுவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வளர்ச்சி மந்தமாகவே இருக்கும். காற்றோட்டம் மிகுந்தால் ஆல்டிஹைடின் ஒரு பகுதி ஃபினைல் அசிட்டிக் அமிலமாகிவிடும் என்பதால், மிகையாகக் குலுக்க வேண்டாம்.

ஒன்றை மறக்கலாகாது: ஈஸ்ட் சர்க்கரையிலிருந்தும் ஃபினைல் பைருவேட்டைத் தானே தொகுக்கும். ஆகவே மணம் வந்தாலும், அது முழுவதும் நீங்கள் சேர்த்த அமினோ அமிலத்திலிருந்தே வந்தது என்று கார்பனின் சற்றுக் கனமான வடிவமான கார்பன்-13 கொண்டு அடையாளமிட்ட சோதனையின்றி உறுதியாகச் சொல்ல இயலாது.