பாதி ஏணியில் நின்ற ரபி

அன்புள்ள ஐயா,

பைபிளில் உள்ள காதல் பாடலான உன்னதப்பாட்டு பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். நான் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவன். ஏவாள் பழத்தைக் கொடுத்தாள், தெலீலாள் சிம்சோனின் தலைமுடியைச் சிரைக்க வைத்தாள், சாலொமோனை அவன் மனைவிமார் வழிதவறச் செய்தார்கள். ஆண் எங்கே விழுந்தாலும் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். யூதர்களின் நகைச்சுவையைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, அவர்களுடைய மத நூல்களில் இந்த விஷயத்தில் சிரிக்க ஏதாவது உண்டா? உண்டென்றால் அந்தச் சிரிப்பும் பெண்ணைப் பார்த்துத்தானா?

கே.

அன்புள்ள கே.,

நிறையவே உண்டு. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதுதான் சுவாரஸ்யம்.

‘பெண்ணோடு அதிகம் பேசாதே’ என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஓர் அறிவுரை வருகிறது. சொந்த மனைவியைப் பற்றியே இப்படிச் சொன்னார்கள் என்று விளக்கம் வேறு. சரி, மிஷ்னாவை விவாதிக்கும் பெருநூலான தல்மூத் இதை என்ன செய்கிறது என்று பாருங்கள். கலிலேயாக்காரரான ரபி (யூத மத அறிஞர்) யோசே, வழியில் பெரூரியா என்ற பெண்ணைப் பார்த்து, “லோத் ஊருக்கு எந்த வழியாகப் போக வேண்டும்?” என்று கேட்கிறார். அவள் சொல்கிறாள்: “முட்டாள் கலிலேயனே! பெண்ணோடு அதிகம் பேசாதே என்று பெரியவர்கள் சொல்லவில்லையா? ‘லோதுக்கு எப்படி?’ என்று கேட்டால் போதாதா?” எபிரேயத்தில் நான்கு சொல்லை இரண்டாக வெட்டித் தருகிறாள். வெட்டுவதற்கு அவள் செலவழித்த சொற்கள் அதைவிட அதிகம். அறிவுரை அப்போதே காலி.

இந்த பெரூரியாவின் கணவர் ரபி மேயிர், பெரிய மேதை. அவரும் சிக்குகிறார். தல்மூதில் திருமண விதிகளைப் பேசும் கித்துஷீன் என்ற பகுதியின் 81ஆம் ஏட்டில் வரிசையாகச் சில கதைகள் இருக்கின்றன. ஆசைக்கு அடிமையாகி விழுந்தவர்களைக் கேலி செய்வது மேயிருக்குப் பழக்கம். ஒருநாள் ஆற்றின் அக்கரையில் சாத்தான் பெண் உருவில் வந்து நிற்கிறான். ஓடம் இல்லை. மேயிர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடக்க ஆரம்பிக்கிறார். பாதி ஆற்றில் சாத்தான் விட்டுவிடுகிறான். “மேயிரையும் அவர் கல்வியையும் தொடாதே என்று வானத்தில் அறிவித்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் உன் உயிர் எனக்கு இரண்டு காசு பெறாது” என்கிறான். அடுத்து ரபி அகிவா. அவரும் கேலிக்காரர்தான். இந்த முறை பெண் பேரீச்சை மரத்தின் உச்சியில். அகிவா விறுவிறுவென்று ஏறுகிறார். பாதி மரத்தில் அதே வசனம்.

அப்புறம் என் பிரியத்துக்குரிய அம்ராம். பாபிலோனியாவின் நெகர்தெயா ஊரில், மீட்கப்பட்ட கைதிப் பெண்களை அவர் வீட்டு மாடியில் தங்க வைத்திருக்கிறார்கள். ஊரே மதிக்கும் பக்திமான், ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஏணியை எடுத்துவிடுகிறார்கள். ஒருத்தி நடந்துபோகும்போது மேல்திறப்பு வழியாக ஒரு வெளிச்சம் விழுகிறது. பத்துப் பேர் சேர்ந்தும் தூக்க முடியாத அந்த ஏணியை அம்ராம் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்துகிறார்! ஏறுகிறார். பாதியில் கால்களை ஊன்றி நின்று, “அம்ராம் வீட்டில் தீ!” என்று கத்துகிறார். அறிஞர்கள் ஓடிவருகிறார்கள். பார்த்தால் தீயைக் காணோம், ஏணியில் அம்ராம் நிற்கிறார். “எங்கள் மானத்தை வாங்கிவிட்டீரே” என்கிறார்கள். “மறு உலகத்தில் வெட்கப்படுவதைவிட இங்கே வெட்கப்படுங்கள்” என்கிறார் அவர்.

கவனியுங்கள், மாடியிலிருந்த பெண் எதுவும் செய்யவில்லை. நடந்துபோனாள், அவ்வளவுதான். உங்கள் ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம்.

அதே ஏட்டின் மறுபக்கத்தில் இன்னொரு கதை. பாதிவரை சிரிப்பு, மீதி சிரிப்பில்லை. ரபி ஹியா பர் அஷி தினமும் குப்புற விழுந்து, “துர்எண்ணத்திலிருந்து எங்களைக் காப்பாற்று” என்று வேண்டுவார். மனைவி ஒருநாள் இதைக் கேட்டுவிடுகிறாள். ‘இத்தனை வருஷமாக என்னைவிட்டு விலகியே இருக்கிறாரே, இவருக்கு எதற்கு இந்த வேண்டுதல்?’ என்று யோசிக்கிறாள். அலங்கரித்துக்கொண்டு அவர் படிக்கும் தோட்டத்துக்கு வருகிறாள். யாரென்று கேட்கிறார். “நான் ஹருத்தா” என்கிறாள். அவர் ஆசையைச் சொல்ல, அவள் உச்சிக் கிளையிலுள்ள மாதுளம்பழத்தைக் கேட்கிறாள். தாவிப் பறித்துக் கொடுக்கிறார். மற்ற எல்லோரும் பாதியில் நின்றார்கள். சொந்த மனைவிக்காக ஏறியவர்தான் உச்சிவரை போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, அவள் மூட்டிக்கொண்டிருந்த அடுப்புக்குள் போய் உட்கார்கிறார். “அது நான்தான்” என்கிறாள். அடையாளம் காட்டிய பிறகே நம்புகிறார். “இருந்தாலும் நான் நினைத்தது பாவத்தைத்தானே” என்று நோன்பிருந்து இருந்தே செத்துப்போகிறார். பன்றிக்கறி என்று நினைத்து ஆட்டுக்கறியைத் தின்றவனுக்கும் மன்னிப்பு தேவை என்ற சட்ட விவாதம் உடனே தொடங்கிவிடுகிறது. அவள் எதற்காகத் தோட்டத்துக்கு வந்தாள் என்று அவரும் கேட்கவில்லை, விவாதித்தவர்களும் கேட்கவில்லை. அவளுடைய சொந்தப் பெயர்கூட ஏட்டில் இல்லை. அவளாக வைத்துக்கொண்ட பெயர் மட்டும் இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முழுசாக ‘இல்லை’ என்று சொல்ல முடியாததும் இதனால்தான். பெரூரியாவையும் அவர்கள் சும்மா விடவில்லை. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தல்மூதுக்கு உரை எழுதிய ராஷி ஒரு கதையைச் சேர்க்கிறார். பெண் மனம் லேசானது என்பதை அவள் கேலி செய்தாளாம். மேயிர் தன் மாணவனையே ஏவி அவளைச் சோதித்தாராம். அவள் தவறி, தூக்கிட்டுக்கொண்டாளாம். தல்மூதில் இந்தக் கதை கிடையாது. கேலி செய்த மேயிருக்குப் பாதி ஆற்றில் விடுதலை, கேலி செய்த பெரூரியாவுக்குத் தூக்குக்கயிறு. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும்.

பெண்ணின் செல்வாக்கு பற்றியும் ஒரு கதை மித்ராஷில், அதாவது ரபிகளின் வேத விளக்க நூல்களில், உண்டு. பக்தியுள்ள கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். அவன் கெட்டவளை மணந்து கெட்டுப்போகிறான், அவள் கெட்டவனை மணந்து அவனை நல்லவனாக்குகிறாள். எல்லாம் பெண் கையில் என்று முடிக்கிறார்கள். பாராட்டுப்போலத் தெரிந்தாலும் மொத்தச் சுமையும் அவள் தலையில்தான். எனக்கு அது அவ்வளவு பிடிக்காது.

பிடித்தது இது. சீதோனில் ஒரு தம்பதி, பத்து வருஷமாகக் குழந்தை இல்லை. பிரிந்துவிட முடிவு செய்து ரபி ஷிமோன் பர் யோஹாயிடம் வருகிறார்கள். “விருந்தோடு சேர்ந்தீர்கள், விருந்தோடு பிரியுங்கள்” என்கிறார். விருந்தில் அவள் கணவனுக்கு நன்றாக ஊற்றிக் கொடுக்கிறாள். மயக்கத்தில் அவன், “இந்த வீட்டில் உனக்கு எது பிடித்திருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு உன் அப்பா வீட்டுக்குப் போ” என்கிறான். நடுராத்திரி கண்விழித்தால் மாமனார் வீட்டில் கிடக்கிறான்.

“நான் எப்படி இங்கே?”

“நீங்கள்தானே சொன்னீர்கள். உங்களைவிடப் பிடித்தது எனக்கு அங்கே எதுவும் இல்லை.”

மறுபடி ரபியிடம் போகிறார்கள். அவர் அவர்களுக்காக வேண்டிக்கொள்கிறார். குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறந்தது.