வந்தேறியும் சொதியும்

கேள்வி: ஆப்பிரிக்காவில் யாரோ ஒரு வந்தேறியைப் பிடித்து உள்ளே வைத்ததற்காக ஒரு நாட்டுக்கே உலக நீதிமன்றம் குட்டு வைத்ததாமே? அவ்வளவு பெரிய கோர்ட்டுக்கு வேறு வேலையே இல்லையா?
(ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: நீங்கள் சொல்லும் ஆள் அகமது சாடியோ டியாலோ. கினியா நாட்டுக்காரர். 1964இல் காங்கோவுக்குப் போய், அங்கேயே இரண்டு கம்பெனி நடத்தியவர். அரசாங்கமும் எண்ணெய்க் கம்பெனிகளும் தர வேண்டிய பாக்கியை விடாமல் கேட்டார். பாக்கி வரவில்லை, போலீஸ் வந்தது. 1995 நவம்பரில் பிடித்து 66 நாள் அடைத்து வைத்தார்கள். விட்டார்கள். மறுபடி பிடித்து, 1996 ஜனவரி 31 அன்று நாட்டை விட்டே அனுப்பினார்கள்.

கையில் கொடுத்த தாளில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'நுழைவு மறுப்பு'. 32 வருஷம் குடியிருந்தவருக்கு! பந்தியில் ரசம், மோர் எல்லாம் தாண்டிப் பாயசத்தை வழித்துக்கொண்டிருப்பவனிடம் போய், "தம்பி, உன்னை மண்டபத்துக்குள்ள விட முடியாது" என்பது போல. அந்த நாட்டுச் சட்டப்படி நுழைவு மறுப்பை எதிர்த்து அப்பீல் கிடையாது. ஏதோ தவறுதலாக அந்த வார்த்தை விழுந்துவிட்டது என்று காங்கோ சமாளித்தது. என் பத்திரிகையிலும் வாராவாரம் பிழை விழுகிறது. அதனால் இதுவரை யாரும் நாடு கடத்தப்படவில்லை.

ஹேக் நகரத்து அந்தக் கோர்ட்டில் தனி ஆள் வழக்குப் போட முடியாது, நாடுதான் போட வேண்டும். கினியா போட்டது 1998இல். தீர்ப்பு 2010இல். நஷ்டஈடு எவ்வளவு என்று சொன்னது 2012இல். வாய்தா பாளையங்கோட்டைக்கு மட்டும் சொந்தமில்லை! கேட்டது 1 கோடியே 15 லட்சம் டாலருக்கு மேல். கிடைத்தது 95,000. ஆனால் தீர்ப்பில் ஒரு சங்கதி உண்டு. பிடித்த கையோடு, 'உன் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லலாம்' என்று அவரிடம் சொல்லாததும் தப்பு என்றது கோர்ட். வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் கடையநல்லூர், மேலப்பாளையத்துக்காரர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் 'வந்தேறி'க்கு வருகிறேன். டியாலோ காங்கோவுக்குப் போன அதே 1964இல்தான் இலங்கையும் இந்தியாவும் போட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஜனங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பாகம் பிரித்தார்கள். நெல்லைச் சீமையிலிருந்து போனவர்களின் பேரன் பேத்திகளும் அதில் உண்டு. அங்கே அவர்களுக்குப் பெயர் 'கள்ளத்தோணி'. கப்பலேறி இங்கே வந்தார்கள். நாம் 'சிலோன்காரன்' என்றோம்.

'வந்தேறி' நல்ல தமிழ்ச்சொல், அதில் என்ன தப்பு என்று ஒரு பேராசிரியர் முன்பு என்னோடு மல்லுக்கு நின்றார். நான் சொதியைப் பற்றிக் கேட்டேன், தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கும் நம்மூர்க் கல்யாணக் குழம்பு. உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட், பச்சை மிளகாய், நாலும் வெளியே இருந்து வந்தவை. வந்தேறிகளையெல்லாம் கரண்டியால் அரித்துப் போட்டுவிட்டால் தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் இரண்டு துண்டு முருங்கைக்காயும் மிஞ்சும். அதற்குப் பெயர் பத்தியச் சாப்பாடு. பேராசிரியர் அன்று பதில் சொல்லவில்லை. போன தை மாதம் அவர் வீட்டு மறுவீட்டு விருந்தில் பார்த்தேன். இலையில் சோற்றால் அணை கட்டி, மூன்றாவது தடவையாகச் சொதி வாங்கிக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ்.