ஜன்னல் கண்ணாடி மின்சாரம் தருமா?

கேள்வி: கோவையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பூச்சு வேலை முடிந்து ஜன்னல் போடும் கட்டம். நாலுக்கு நாலு அடியில் நான்கு ஜன்னல்கள். எல்லாவற்றுக்கும் சோலார் கண்ணாடி போட்டால் மின்கட்டணம் பாதியாகிவிடும் என்கிறார் ஒரு விற்பனையாளர். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஆகும். நம்பலாமா?

பதில்: கண்ணாடியை நம்பலாம், அந்தப் ‘பாதி’யை நம்ப வேண்டாம்.

பொருள் உண்மையானதுதான். ஸ்பெயினின் ஓனிக்ஸ் சோலார் போன்ற நிறுவனங்கள் பல ஆண்டுகளாக விற்கின்றன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஒரு மாநாட்டு அரங்கின் மேற்கு முகப்பில் வண்ண வண்ணமாக நிற்பவையும் மின்சாரம் தரும் கண்ணாடிகளே. சிக்கல் என்னவென்றால், ஜன்னலின் வேலை வெளிச்சத்தை உள்ளே விடுவது. சோலாரின் வேலை அதைப் பிடித்துக்கொள்வது. 30 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும் கண்ணாடி, நல்ல வெயில் நேராக விழுந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 28 வாட் தரும். மாடியில் போடும் சாதாரண பேனல் அதே பரப்பில் 200 வாட் தருகிறது.

உங்கள் நான்கு ஜன்னல்களும் சேர்ந்து 6 சதுர மீட்டர். அதாவது 168 வாட். செங்குத்தான கண்ணாடிக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேர முழு வெயில் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மூன்று நாளைக்கு ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு 20 யூனிட். நீங்கள் எதிர்பார்ப்பது 250!

அந்த இரண்டு மணி நேரமும் உறுதியில்லை. கோவையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் நாள் முழுவதும் வடக்குப் பக்கமாகவே போகிறது. தெற்கு ஜன்னலில் அப்போது நேர் வெயில் ஒரு துளியும் விழாது. கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு அரை நாள் வெயில். அதிலும் சன்ஷேடின் நிழல், கிரில் கம்பிகளின் நிழல். தெருப் பிள்ளைகளின் பந்து பட்டு உடைந்தால் முக்குக் கண்ணாடிக் கடையில் மாற்றுக் கிடைக்காது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியில் 1 கிலோவாட் பேனல் போடுங்கள். ஐந்து சதுர மீட்டர் பேனல் போதும்; நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240. விற்பனையாளர் சொன்ன ‘பாதி’ இதுதான், இடம்தான் மாறிப்போயிருக்கிறது. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3 மற்றும் அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம் உண்டு. போர்ட்டிகோவுக்குக் கண்ணாடிக் கூரை போடும் எண்ணம் இருந்தால் மட்டும் சோலார் கண்ணாடிக்கு விலை கேட்டுப் பாருங்கள். அது வானம் பார்த்துக் கிடக்கும்.

கேள்வி: ஜன்னலில் ஒட்டினால் மின்சாரம் தரும் ‘கண்ணுக்கே தெரியாத’ படலம் என்று சொல்லி முன்பணம் வாங்கிவிட்டார்கள். ரசீதில் தொகை மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில், கம்பி எங்கே போகிறது என்று கேளுங்கள். கம்பியும் இணைப்புப் பெட்டியும் இல்லாவிட்டால் அது வெயில் தடுக்கும் சாதாரண சன் ஃபிலிம்தான். புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களை மட்டும் பிடித்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிடும் கண்ணாடியை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். வழக்கமான பேனலோடு ஒப்பிட்டால் அதன் மின்சாரம் மிகக் குறைவு.

சதுர மீட்டருக்கு எத்தனை வாட், எத்தனை சதவீத வெளிச்சம் உள்ளே வரும், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை எழுத்தில் கேளுங்கள். மெல்லிய படல சோலாருக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. பதிவு எண் கொடுத்தால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம். மழுப்பினால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

கேள்வி: சென்னையில் அடுக்குமாடியில் இரண்டாம் தளம். மாடி எங்களுக்குச் சொந்தமில்லை. மேற்குப் பார்த்த பால்கனிக் கண்ணாடி கொதிக்கிறது. அதிலாவது சோலார் போடலாமா?

பதில்: உங்களுக்குத் தேவை நிழல். கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடும். சோலாரைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுப்புங்கள். லிஃப்ட், மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்காகச் சங்கம் மாடியில் அமைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் கிடைக்கும். மாதாந்திரப் பராமரிப்புத் தொகையில் அது தெரியும்.