மொழிமேடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: பணிமாற்றலில் திருநெல்வேலிக்கு வந்திருக்கிறேன். இங்கே ‘சோலி’ என்றால் வேலை என்று சொன்னார்கள். ஆனால் பழுதான மோட்டாரைப் பார்த்த மெக்கானிக்கோ, ‘சோலி முடிஞ்சிட்டு’ என்று கைவிரித்துவிட்டார். இச்சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள்?

பதில்: வேலை என்று உங்களுக்குச் சொன்னவர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நெல்லை, தூத்துக்குடி, குமரி வட்டாரங்களில் ‘சோலிக்குப் போறேன்’ என்றால் பிழைப்புக்கான வேலை. ‘ஒரு சோலியா வந்தேன்’ என்றால் காரியம். ‘ஆயிரம் சோலி கெடக்கு’ என்றால் தலைக்கு மேல் கிடக்கும் பொறுப்புகள். இதுவரை சிக்கல் இல்லை. இச்சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதை அடுத்து வரும் வினையும், சொல்பவரின் குரலும், யாரைப் பற்றிய பேச்சு என்பதும்தான்.

‘அண்ணாச்சி சோலிக்குப் போயிருக்காவ’ என்பதையும் ‘அண்ணாச்சி சோலிக்குப் போவாத’ என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முன்னதில் அண்ணாச்சி எழுவாய். அவர் வேலைக்குச் சென்றிருக்கிறார். பின்னதில் ‘அண்ணாச்சியின்’ என்று வேற்றுமை உருபு மறைந்து நிற்பதால், சோலி என்பது அவருடைய விவகாரமாகி, அவரிடம் வம்பு வைத்துக்கொள்ளாதே என்னும் எச்சரிக்கை பிறக்கிறது. உருபு தொக்கி நிற்கும் இத்தொடரை அந்த ஊர்க் குழந்தைகள்கூடப் பிசகாமல் புரிந்துகொள்வதுதான் எனக்குப் பெரும் வியப்பு.

‘முடி’ என்னும் வினை சேரும்போதும் இப்படித்தான். ‘வந்த சோலி முடிஞ்சிட்டு, கெளம்புதேன்’ என்பவர் காரியம் நிறைவேறிய நிம்மதியில் விடைபெறுகிறார். மோட்டாரைப் பார்த்து ‘சோலி முடிஞ்சிட்டு’ என்றால், இனிப் பழுது பார்த்துப் பயனில்லை என்று பொருள். ஒருவனை அடித்துத் தீர்த்துவிடுவதைச் சொல்லும் ‘சோலிய முடிச்சிட்டான்’ என்பதும் இதன் நீட்சியே.

கேள்வி: ‘உஞ்சோலியப் பாரு’ என்பதை அலுவலகத்தில் சொல்லலாமா? ‘சோலி’ சரியா, ‘ஜோலி’ சரியா?

பதில்: நெருங்கிய நண்பரிடம் சொல்லலாம், மற்றவரிடம் சொன்னால், ‘இதில் தலையிடாதே’ என்ற கண்டிப்பாகவே ஒலிக்கும். மூத்தவரிடம் ‘உம்ம சோலியப் பாரும்’ என்று மரியாதை விகுதி சேர்த்துச் சொன்னாலும் அதன் கடுமை குறையாது. சொல்லப்போனால் விகுதியின் அழுத்தத்தால் சற்றுக் கூடவே செய்யும். ‘எனக்கு ஒரு சோலி இருக்கு’ என்று உங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் தயக்கமே வேண்டாம்.

இரண்டு வடிவங்களும் வழக்கில் உண்டு. மலையாளத்திலும் ‘ஜோலி’ என்றே வேலையைக் குறிக்கிறார்கள். ஜன்னலைச் சன்னல் என்பதுபோல ஜகரம் சகரமாக ஒலிப்பது தமிழுக்கு இயல்பு என்பதால், நெல்லைப் பேச்சை எழுதும்போது ‘சோலி’ என்று எழுதுவதே பொருத்தம். ழகரம் போட்டுச் ‘சோழி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது பல்லாங்குழி ஆடுவதற்கும் குறி பார்ப்பதற்கும் உரியது.