பொனட்டில் வலைக் கீறல்: நனோவுக்குக் காசு கொடுக்க முன் ஒரு வாளித் தண்ணீர்

சம்மாந்துறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "புரோக்கர் மூலம் வாங்கிய கறுப்பு டொயோட்டா அக்சியோ கார். வாங்கின அன்று பளபளவென்று இருந்தது. நாலைந்து தரம் கழுவின பிறகு வெயிலில் பார்த்தால் பொனட் முழுக்கச் சிலந்திவலை மாதிரிக் கீறல். முன் கதவுக் கைபிடிக்குக் கீழே நீளமாக ஒரு கோடு வேறு. கல்முனைப் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். நனோ செரமிக் அடித்தால் எல்லாம் போய்விடும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். வீட்டில் கையால் எடுக்க முடியாதா?"

பொனட்டில் இருப்பதைக் கையாலேயே நன்றாகக் குறைக்கலாம். முற்றாகப் போகாது. ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாத அளவுக்கு வரும். கதவுக் கோட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பெயின்டின் மேல் பூசும் பாதுகாப்புப் படையான அந்த நனோவுக்கு இப்போது ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

முதலில் கீறல் உள்ள இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது நிறத்துக்கு மேலே பூசியுள்ள நிறமில்லாத கிளியர் படையில் மட்டும்தான் இருக்கிறது. கீறலின் ஓரங்களில் வெளிச்சம் சிதறுவதால்தான் அது கண்ணில் படுகிறது. தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பியதும் சிதறல் நின்றுவிடும். வட்ட வட்டமாகத் தெரிவதும் வெயிலின் வேலைதான். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன, வெயிலின் பிம்பத்தைச் சுற்றி வளையமாக அமைகிற துண்டுகள் மட்டும் மின்னுகின்றன.

நீங்கள் வாங்கிய அன்று நடந்ததும் இதே கூத்துத்தான், தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய். சிலிக்கோனும் எண்ணெயும் கலந்த மினுக்குப் பசையை இழுத்துத் துடைத்தால் கீறல் நிரம்பிவிடும், கறுப்பு நிறம் கன்னங்கரேலென்று எழும்பும். சில கழுவலில் பசை போய்விடும். கீறல் புதிதாக வந்ததல்ல, முதலே இருந்தது. இனி வாகனம் பார்க்கப் போகிறவர்கள் 70 வீத ஐசோபுரொப்பில் அல்கஹோலைச் சம அளவு தண்ணீரில் கலந்து சிறு போத்தலில் கொண்டுபோங்கள். பார்மசியில் கிடைக்கும். பொனட்டில் ஒரு கையளவு இடத்தை அதால் மெதுவாகத் துடைத்துவிட்டு, போன் டோர்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். புரோக்கர் "அதெல்லாம் வேணாம் தம்பி" என்று கையைப் பிடித்தால் விசயம் விளங்கிவிடும்.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் கதவு திறந்தது, அதுவும் சாதாரண ஆட்கள் கிட்டப் போகமுடியாத வரியோடு. அந்த இடைவெளியில் அதே பழைய கார்கள் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கைக்கும் ஒரு 'கட் அண்ட் பொலிஷ்', அதாவது மேற்படையைத் தேய்த்து மினுக்கும் வேலை, பட்டன. வருடா வருடம் புகைச் சோதனைக்கு நம்மை வரிசையில் நிறுத்துகிறார்கள். எந்தக் கதவு எத்தனை தரம் பெயின்ட் கண்டது என்று கேட்க ஒருவரும் இல்லை.

அந்தக் கேள்வியை நீங்கள்தான் கேட்கவேண்டும், பசையைத் தொட முன்பே. ஒரு ஏ4 தாள் சுமார் 100 மைக்ரோன் தடிப்பு. கம்பனி அடித்த கிளியர் அதில் ஏறத்தாழப் பாதி. பழைய பொலிஷ்கள் அதிலும் ஒரு பங்கைத் தின்றிருக்கும். கராஜில் திரும்ப அடித்த பகுதி என்றால் கணக்கே வேறு: கிளியர் மெல்லிதாக இருக்கலாம், இறுகவைக்கும் ஹாட்னர் சரியாகக் கலக்காமல் மென்மையாக இருக்கலாம், கிளியரே இல்லாமலும் இருக்கலாம். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பொனட்டைத் திறந்து மட்கார்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளைப் பாருங்கள். பெயின்ட் உடைந்து சாவி பட்ட அடையாளம் இருந்தால் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். கதவு ரப்பரைக் கொஞ்சம் விலக்கினால் பெயின்ட் புகை படிந்த சொரசொரப்பு அல்லது டேப் ஒட்டிய விளிம்புக் கோடு தெரியும். டியூப் லைட்டின் பிம்பத்தை இரண்டு கதவிலும் மாறி மாறிப் பாருங்கள். ஒன்றில் கோடு நேராகவும் மற்றதில் தோடம்பழத் தோல்போலக் கரடாகவும் தெரிந்தால் இரண்டும் ஒரே கையால் அடித்தவை அல்ல. அப்படிச் சந்தேகப்படும் பகுதியில் கொம்பவுண்ட் என்கிற கரடான தேய்ப்புப் பசை வேண்டாம். மிக மென்மையான பொலிஷ், ஒரே ஒரு தரம், அவ்வளவுதான். கீறல் அரைகுறையாக நின்றாலும் நிற்கட்டும். கிளியர் ஓட்டையானால் அந்தப் பகுதியை முழுக்க அடிக்கவேண்டும், அதற்கு வேறு மருந்து இல்லை.

இனி வேலை. ஹார்ட்வெயாரில் தகர டின்னில் விற்கும் ரப்பிங் கொம்பவுண்ட் உங்களுக்கானதல்ல. அது புதிதாக அடித்த பெயின்டை வெட்டி மட்டப்படுத்துவதற்கு. கையால் தேய்த்தால் கறுப்பில் பால்போல மங்கல் விட்டுவிடும். பற்பசையும் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வீடியோக்களோடு இருக்கட்டும். 'சுவேர்ல் ரிமூவர்' என்றோ 'ஃபைன் பொலிஷ்' என்றோ எழுதிய, கையால் பாவிக்கலாம் என்று லேபலில் உள்ள போத்தல் ஒன்று, 250 மில்லிலீற்றர் போதும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஸ்பொஞ் பேட் மூன்று, நல்ல மைக்ரோபைபர் துணி ஆறு.

காலை ஆறு மணிக்கு நிழலில் தொடங்கி, தகடு சுடத் தொடங்கியதும் நிறுத்துங்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் வெளியில் வைத்து இந்த வேலையே வேண்டாம், தேய்க்கிற பசையில் மணல் வந்து ஒட்டும். கார் ஷாம்புவால் கழுவி, ஈரம் துடைத்து, கைவிரல் நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால், ஒட்டியிருப்பதை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கிளே கட்டியைச் சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டு அழுத்தாமல் வழுக்கவிடுங்கள். கட்டி நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடுங்கள், கழுவி எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கறுப்பு ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

முழு பொனட்டிலும் பாய வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றின் நடுவில் டேப் ஒட்டி, ஒரு பக்கத்தை மட்டும் தேயுங்கள். பேட்டில் கடலை அளவில் மூன்று நாலு பொட்டு. முதலில் மெதுவாகப் பரப்பி, பிறகு விரல்களைப் பரவலாக வைத்து நடுத்தர அழுத்தத்தில் மேலும் கீழுமாக, அடுத்து இடமும் வலமுமாக, இரண்டு மூன்று நிமிடம். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். ஒரு விரலால் குத்தித் தேய்க்கவும் வேண்டாம், அந்த இடம் குழியாகத் தெரியும். பசை கண்ணாடிபோல மெல்லிதானதும், காய முன் துடையுங்கள். பிறகு அல்கஹோல் தண்ணீரால் ஒருதரம். இதை விட்டால் பசையில் உள்ள எண்ணெய் புரோக்கர் காட்டிய அதே வித்தையை உங்களுக்கும் காட்டும். டேப்பைக் கழற்றி இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் போதவில்லையா, இன்னொரு தரம். மூன்றாம் தரத்திலும் நிற்பது ஆழமான கீறல், அதை விட்டுவிடுங்கள். பொனட்டின் மடிப்புக் கோடுகளிலும் விளிம்புகளிலும் பெயின்ட் மெல்லிது, அங்கே அழுத்தவே கூடாது.

துணியில் கறுப்பு வந்தால்? உங்கள் நிறத்தில் மினுக்குத் துகள் இருந்தால் கிளியர் முடிந்துவிட்டது, உடனே நிறுத்துங்கள். துகள் இல்லாத தனிக் கறுப்பு, கிளியர் இல்லாமலே அடிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் நிறம் வருவது வழமை.

ஒரு காலையில் பொனட் மட்டும் முடிந்தாலே நல்ல வேலை. முடிந்த இடத்தில் சீலன்ட் அல்லது வேக்ஸ் மெல்லிதாக ஒரு படை போடுங்கள்.

நனோ விசயம். செரமிக் கோட்டிங் கீறலை அகற்றாது, இருக்கும் கீறலின் மேல்தான் படியும். கறுப்பில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால்தான் ஒழுங்கான கடையில் முதலில் மெஷினால் பொலிஷ் பண்ணுவார்கள், கூலியின் பெரும்பகுதி அதற்குத்தான். '9எச்' என்று பெருமையாகச் சொல்வது பென்சில் முனையால் கீறிப் பார்த்து அளக்கும் கடினம். கல்லடிக் கடற்கரை மணல் அதையும் கீறும். எந்தக் கோட்டிங், பொலிஷ் எத்தனை கட்டம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. முறையிட, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. சட்டம் கடைக்காரருக்குத் தெரியாதென்றில்லை, நாம் கேட்பதில்லை.

உங்கள் ஊரில் இன்னொன்று: நெல் ஆலைச் சாம்பல். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. காலையில் பொனட்டில் படிந்திருப்பதை உலர்ந்த துணியால் தட்டுகிற பழக்கம் ஒரு போகத்துக்குள் உங்கள் உழைப்பையெல்லாம் தின்றுவிடும். முதலில் தண்ணீரை ஓடவிட்டு இறக்குங்கள். சோப்புக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி, மேலிருந்து கீழே. சேவிஸ் ஸ்டேஷனில் விட்டால் "பிரஷர் அடித்தால் போதும், துடைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சில்லுத் துடைத்த துணி பொனட்டுக்கு வருகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கதவுக் கோட்டில் நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டினால் எந்தப் பொலிஷும் உதவாது. நிறக் குறியீடு கதவுத் தூணிலோ என்ஜின் பகுதியிலோ உள்ள தகட்டில் இருக்கும். அதைச் சொல்லி டச்சப் பெயின்ட் வாங்கி, மினுக்குப் பசையின் சிலிக்கோனை அல்கஹோலால் துடைத்தெடுத்து, பற்குச்சி நுனியால் கோட்டுக்குள் மட்டும் மெல்லிதாக நிரப்புங்கள். சிலிக்கோன் மிஞ்சினால் பெயின்ட் பிரிந்து வட்ட வட்டக் குழியாக நிற்கும். ஒரு படை காய்ந்த பிறகு அடுத்தது, மூன்று படை வரை. அடியில் சாம்பல் நிறத் தகடு தெரிந்தால் இந்தக் கிழமையே செய்யுங்கள், உப்புக் காற்று பொறுத்திருக்காது.